சபாபதி திறந்துவிட்ட வால்வு

போன மாதம் என் பழைய பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ். "சிஸ்டர், இனிமே பேஷண்ட் யாரும் பையைத் தூக்கிக்கிட்டு வரவேணாமாம். சாப்பிடற மருந்தையெல்லாம் போட்டோ எடுத்து போன்ல அனுப்பிட்டா போதுமாம். உங்க மேஜையைக்கூட எடுத்துட்டாங்க. ஆமா, நீங்க ஏன் இத்தனை வருஷம் அந்தப் பையைக் கட்டிக்கிட்டு அழுதீங்க?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "பாப்பா, போட்டோ எடுக்கும்போது எல்லாரும் தலை வாரிக்கிட்டுத்தான் நிப்பாங்க. பையைக் கவிழ்த்தாத்தான் பரட்டைத் தலை தெரியும்."

அவள் சிரித்தாள், ஆனால் புரியவில்லை என்று தெரிந்தது. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் வருகிற சபாபதி அனுமதி கொடுத்துவிட்டார். "என் பேரப் போட்டு எய்து சிஸ்டர், ஆனா என்னிய நல்லவனா காட்டு" என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

என் பெயர் பிலோமினா. முத்தாபுதுப்பேட்டையில் வீடு. அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். மூட்டு நோய் என்றதும் வயதானால் வரும் முட்டித் தேய்மானம் என்று நினைக்கக்கூடாது. எங்களிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் முடக்குவாதம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே போட்டு அடிக்கிற நோய் அது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மணிக்கட்டு வீங்கும். சும்மா விட்டால் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், சாய்ந்தது திரும்ப நிமிராது.

இந்த நோய்க்கு மருந்து தெரியாத ஆளை அம்பத்தூரில் நான் பார்த்ததில்லை. ஆட்டோக்காரருக்குத் தெரியும், இட்லிக் கடை அம்மாவுக்குத் தெரியும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரியாது என்று சொல்லிக் கேட்டது எங்கள் டாக்டரிடம் மட்டும்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த நாளில் முடக்குவாதத்துக்குத் தங்க ஊசி போடுவோம். கதை இல்லை, நிஜமாகவே தங்கத்திலிருந்து செய்த உப்பு. ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் சிறுநீரைச் சோதித்து, சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடுப்பில் போட வேண்டும். ஊசி வலியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். "இதுவரைக்கும் எத்தனை சவரன் ஏத்தியிருப்ப சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு அம்மாள், "மருமக கிட்ட சொல்லிட்டேன், கழுத்துல இருக்கிறதுதான் உனக்கு, உள்ள இருக்கிறது என்னோட வரும்னு" என்றார். பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன, தங்க ஊசி போய்விட்டது.

அப்புறம்தான் டாக்டர் வசுமதியிடம் வந்து சேர்ந்தேன். ஒல்லியான உருவம், பருத்திப் புடவை, மேஜையில் எப்போதும் ஒரு டம்ளர் வெந்நீர். சிரிக்கவே மாட்டார். சிரிப்பு வருகிற இடத்தில் வெந்நீரை ஒரு வாய் குடிப்பார். அவரிடம் கொஞ்ச நாள் வேலை செய்தால் டம்ளர் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதை வைத்தே அன்றைய வேடிக்கையைக் கணக்குப் போட்டுவிடலாம்.

அவர் ஏற்படுத்திய வழக்கம்தான் பை. புதிதாக வருகிற எல்லாரிடமும் ஒரே பேச்சு. "அடுத்த தடவை வரும்போது இந்த நோய்க்குன்னு வீட்ல வாங்கி வச்சிருக்கிற எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. நான் கொடுத்தது, மாமியார் கொடுத்தது, டிவியைப் பார்த்து வாங்கினது, கோயில்ல மந்திரிச்சது, எல்லாம்." வந்ததும் பெரிய மேஜைமேல் நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவேன். "கவிழுங்க" என்பார் டாக்டர்.

செம்பு வளையம் உருளும். காந்தப் பட்டை விழும். எண்ணெய் பாட்டில் ஒழுகியிருக்கும், அதன் வாசனை மதியச் சாப்பாடு வரைக்கும் என் கையில் இருக்கும். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பார். "யார் கொடுத்தா? சாப்பிட்டா எப்படி இருக்கு?" அக்கறையாகக் கேட்பார், நக்கல் துளி இருக்காது. எண்ணெய், வளையம் எல்லாம் திரும்பப் பைக்குள் போய்விடும். "வச்சுக்கோங்க. கெடுதல் இல்ல, மனசுக்கு ஆகும்." பெயர் ஒட்டாத பொடி வந்தால் மட்டும் தன் பக்கமாக நகர்த்திக்கொள்வார். ஒரே ராத்திரியில் வலி பறந்தது என்று யாராவது சொன்னால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பது அவருடைய சந்தேகம். "இது வம்பு" என்பார். அவ்வளவுதான். திட்ட மாட்டார்.

ஒரு நாள் நானே கேட்டேன், இத்தனை கூத்தையும் பார்த்துக்கொண்டு எப்படி டாக்டர் கோபம் வராமல் இருக்கிறது என்று. "கோபம் வருது பிலோ. ஆனா திட்டினா அடுத்த தடவை பை இளைச்சுப் போய் வரும்" என்றார்.

என் வேலை கைப்பிடியை அளப்பது. இப்போது அதற்கு அழகான கருவிகள் இருக்கின்றன. எங்களிடம் இருந்தது ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டைதான். அதைப் பந்து போலச் சுருட்டி, துணி உறைக்குள் போட்டு, காற்றடித்து முள்ளை இருபதில் நிறுத்துவேன். நோயாளி அதைக் கையில் வாங்கிப் பிழிய வேண்டும். முள் எங்கே ஏறுகிறதோ அதுதான் அவர் கையின் பலம். நல்ல கை பிழிந்தால் முள் துள்ளி ஓடும். எங்கள் ஆட்கள் பிழிந்தால் முள் கொஞ்சம் யோசிக்கும்.

சபாபதி பிழிந்தபோது முள் யோசிக்கக்கூட இல்லை.

அவர் பாடியில் பிறந்து வளர்ந்தவர். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். ஸ்டேஷன் பக்கம் இருந்த மதுக்கடையை மனு மேல் மனு போட்டு இடம் மாற்ற வைத்தவர். அதற்கெல்லாம் மேலே, தொழிற்சாலை மன்றத்தில் கேரம் சாம்பியன்.

"இந்த வெரலால எத்தினி ரெட்டு போட்டுகீறேன் தெரியுமா சிஸ்டர்?" என்று வீங்கிய ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். "இப்போ ஸ்ட்ரைக்கர் இங்க வச்சா இங்கயே குந்திகினு கீது."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி விசாலம், "ஸ்ட்ரைக்கர உடுங்க. சட்டைக்குப் பித்தான் நான்தான் போட்டு உடறேன். அத்த சொல்லுங்க" என்றார். சபாபதி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மேல் பித்தான் வரைக்கும் ஒழுங்காகப் போட்டிருந்தது. அதைப் போட்டது யார் என்று வெளியே தெரிந்துவிட்டதில் அவருக்கு இருந்த அவமானம் எனக்கே சுருக்கென்றது.

டாக்டர் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை, கூடவே அதன் தொந்தரவைக் குறைக்க ஒரு வைட்டமின், நடுநடுவே ரத்தப் பரிசோதனை. "உடனே வேலை செய்யாது. சில வாரம் ஆகும். பொறுமையா இருக்கணும். இந்த நோய் காத்துக்கிட்டு இருக்காது, நாமதான் முந்திக்கணும். விரல் சாஞ்சிட்டா என்னால நிமிர்த்த முடியாது" என்று அழுத்திச் சொன்னார்.

அடுத்த தடவை பை வந்தது. மாத்திரை அட்டை, ஒரே ஒரு தைலம், பழைய எக்ஸ்ரே. அவ்வளவுதான். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவர் போனதும் டாக்டர், "பிலோ, இது வீட்டுப் பை இல்ல. பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கு முன்னால வச்ச தட்டு" என்று வெந்நீரைக் குடித்தார்.

அது உண்மைதான் என்று தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு காலையில் சபாபதி முன்பதிவே இல்லாமல் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"டாக்டர், நான் குடிகாரன் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

டாக்டர் டம்ளரைத் தொட்டார். "யார் சொன்னா குடிகாரர்னு?"

"ஊரே சொல்லுது. நேத்து ஸ்டேஷன் ரோட்ல நடந்து வந்துகினு கீறேன். பூமி சுத்துது. லைட் கம்பத்த புட்ச்சிகினு நின்னேன். டீக்கடையில கீறவன் இன்னா சொல்றான் தெரியுமா? 'கடைய மாத்துனதே தலைவருக்கு மட்டும் தனியா வேணும்னுதான்'றான். ஊட்டுக்குப் போனா இவ வாய மோந்து பாக்குறா."

"மோந்துதான் பாத்தேன். ஏலக்கா வாசனை வந்துச்சு. அதனாலதான் சந்தேகமே வந்துச்சு" என்றார் விசாலம்.

டாக்டர் வாசனை எதையும் பார்க்கவில்லை. "புதுசா என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். நாலு தடவை கேட்ட பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டை வெளியே வந்தது. ஆண்டிபயாட்டிக். முடக்குவாதமே கிருமியால் வருவது, கிருமியைக் கொன்றால் நோய் போய்விடும் என்று அவர் மச்சான் போனில் அனுப்பிய வீடியோ ஒன்றைப் பார்த்து வாங்கியது. எனக்கு அந்த மாத்திரையை நன்றாகத் தெரியும். காலேஜ் பிள்ளைகளுக்கு முகப்பருவுக்குக் கொடுப்பது. தலை சுற்ற வைப்பது அதற்குக் கைவந்த கலை.

"இது முட்டாள்தனமான யோசனை இல்ல" என்று டாக்டர் சொன்னதும் சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு காலத்துல பெரிய டாக்டர்களே இதை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. நோய் ஆரம்பத்துல இருக்கிற சில பேருக்குக் கொஞ்சம் கேட்டுச்சு. ஆனா அதைவிட நல்லாக் கேக்கிற மருந்து வந்துருச்சு. அதைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கேன். மெட்ரோ ரயில் வந்தப்புறம் நீங்க மாட்டு வண்டியைத் தேடறீங்க. அதுவும் தலை சுத்தற மாடு."

"அப்போ சர்டிபிகேட்டு?"

"வேணாம். இந்த மாத்திரையை நிறுத்துங்க. தலை சுத்தல் போனதும் அதே டீக்கடை முன்னால நேரா நடந்து காட்டுங்க."

நடந்து காட்டினார். காலையும் மாலையும் காட்டினார் என்று விசாலம் பிறகு சொன்னார். ஆனால் என் பட்டையில் முள் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் கீழேதான் நின்றது. வலது கையில் இரண்டு விரல் மெல்லச் சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாரா வாரம் மாத்திரை சாப்பிடறீங்கதானே?" என்று கேட்டால், "அத்த மறப்பேனா டாக்டர்" என்று பதில் வரும். பையும் அதே தட்டு மாதிரிதான் வரும்.

இப்போது பாடி. மேம்பாலத்துக்குப் பக்கத்தில், லாரி உதிரி பாகம் விற்கிற கடைக்கு மேல் மாடியில், குளிரூட்டிய ஒரு இடம் திறந்திருந்தார்கள். பெயர் வேண்டாம், இப்போது அங்கே ஜிம் நடக்கிறது. சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிரிப் கம்பி. கீலேஷன் என்றார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் ஈயம், இரும்பு எல்லாவற்றையும் ஒரு மருந்து பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளிவிடும், பிறகு மூட்டு புதுசாகிவிடும் என்பது அவர்கள் பேச்சு.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். சபாபதி கேட்கவில்லை. ஏனென்றால் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையே அதுதான். பாய்லர் குழாய்க்குள் தண்ணீரின் உப்புப் படியும். மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு அதைக் கரைத்து வெளியே தள்ளுவார்கள். "படிமானம் எடுக்கிறது சிஸ்டர். முப்பது வர்ஷம் பண்ணிகீறேன். நம்ப உடம்பு இன்னா, பைப்புதானே?" என்று பிறகு எனக்கே பாடம் நடத்தினார்.

போதாக்குறைக்கு அங்கே முன் நாற்காலியில் பூந்தமல்லிக்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்திருக்கிறார். இடது கையில் டிரிப், மடியில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, வலது கையால் ஆரி வேலை. கொக்கி ஊசி பட்டுக்குள் போய் வருவதைப் பார்த்தால் கண் வலிக்கும், அவ்வளவு வேகம். "அந்தம்மாவுக்கும் உங்க நோய்தான். வெரலைப் பாருங்க" என்றானாம் அங்கே இருந்தவன். வேறென்ன வேண்டும்? சபாபதி அடுத்த நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஆட்டோ ஒன்று நேராக வாசற்படி வரைக்கும் ஏறி வந்து நின்றது. விசாலம் இறங்கினார், பின்னால் சபாபதியை ஆட்டோக்காரர் தாங்கிப் பிடித்து இறக்கினார். இரண்டு கையும் விநோதமாக இருந்தன. கட்டை விரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் நீட்டியபடியே ஒன்றாகக் குவிந்து, மணிக்கட்டு கீழே வளைந்து, சோறு பிசைந்து உருண்டை எடுக்கப் போகிறவர் மாதிரி. அப்படியே நின்றுவிட்டன, விரிக்க முடியவில்லை.

"உதடெல்லாம் எறும்பு ஊர்ற மாரி கீது சிஸ்டர்" என்றார். பயந்த முகம் இல்லை. "மர்ந்து வேல செய்து. வெளிய இஸ்துகினு வர்து."

டாக்டர் அறையிலிருந்து வந்தார். கையை ஒரு முறை பார்த்தார். ஓடவில்லை, கத்தவில்லை. "பிலோ, பட்டை. மானிட்டர். கால்சியம்" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாலத்தைக் கேட்டுக்கொண்டே காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். சபாபதியின் உதடு அந்தப் பக்கம் துடித்தது. நான் மேல்கையில் பட்டையைக் கட்டி, ரத்த அழுத்தத்துக்கு மேலே ஏற்றிப் பிடித்தேன். இத்தனை நாள் முள்ளை ஏற்றச் சொல்லி அவரிடம் கொடுத்த அதே பட்டை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை இன்னும் இறுகிக் குவிந்தது. ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தக் கீலேஷன் மருந்துக்கு ஈயத்துக்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாது. கையில் கிடைத்ததைப் பிடித்து இழுக்கும். ரொம்ப மெதுவாக ஏற்றினால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடு கட்டிக்கொள்ளும். வேகமாக ஏறினால் கை கால் இழுத்துக்கொள்ளும், அப்புறம் இதயமே நின்று போகலாம்.

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தேன். புதிதாக ஊசிக் குழாய் போட்டு, அது நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். கால்சியம் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். பிறகு மருந்தைக் கலந்து, மானிட்டரில் இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டே, பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். இதையும் அவசரப்பட்டுத் தள்ளினால் அதே இதயம் வேறு விதமாக நிற்கும். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கோட்டையே பார்த்தார். அன்றைக்கு வெந்நீர் டம்ளர் தொடப்படாமல் ஆறிப்போனது.

பாதி ஏறியிருக்கும். விரல்கள் மெல்ல விரிந்தன. விரிந்த கை முதலில் செய்த காரியம், டிரிப் குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையை நோக்கி நகர்ந்ததுதான்.

"இன்னா சிஸ்டர் இவ்ளோ ஸ்லோவா உடற? கொஞ்சம் தொற."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அங்கயும் இப்படித்தான் திறந்தீங்களா?" என்றார் டாக்டர்.

சபாபதி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். விசாலம்தான் சொன்னார். மாலை மன்றத்தில் கேரம் ஃபைனலாம், இவர் நடுவராம். டிரிப் முடிய நேரமாகும் என்று தெரிந்ததும் அங்கே இருந்த பையன் சாப்பிடப் போன சமயம் பார்த்து இவரே உருளையை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார். படிமானம் எடுக்கும்போது தண்ணீர் வேகமாகப் போனால்தான் குழாய் சுத்தமாகும் என்று விளக்கம் வேறு.

"அண்ணே," என்றேன், "நீங்க பாய்லர்காரர். இது என் வால்வு. தொட்டா அடிச்சிடுவேன்." அவர் கையைக் கட்டுத் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினேன். எதிர்க்கவில்லை.

சாயங்காலம் வரைக்கும் படுக்க வைத்துப் பார்த்தோம். அதற்குள் விசாலம் அதே ஆட்டோவில் வீட்டுக்குப் போய் வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய கட்டைப் பை. யாரும் கேட்கவில்லை, யாரும் "கவிழுங்க" என்று சொல்லவில்லை. நீல விரிப்புகூடப் போடவில்லை. கொட்டிவிட்டார்.

இதுதான் வீட்டுப் பை. எண்ணெய்கள், இரண்டு விதப் பொடி, காந்தச் செருப்பு, ஆண்டிபயாட்டிக்கில் மிச்சம். கடைசியில், ரப்பர் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைக் கட்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த வாராந்திர மாத்திரை. ஒன்று இரண்டு தவிர எதுவும் பிரிக்கப்படவில்லை.

"கேன்சருக்கு குடுக்கிற மாத்திரைன்னு போன்ல பாத்தாராம். நிறுத்திட்டாரு. என்னியும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்ற விசாலம் அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டார். "பித்தான் போடறது எனக்குக் கஷ்டமில்ல டாக்டர். ஆயுசுக்கும் போடுவேன். ஆனா தெனம் காலையில அந்தச் சட்டைய மாட்டிகினு என் முன்னாடி வந்து நிப்பாரு பாருங்க, எங்கயோ பாத்துகினு. அத்ததான் என்னால பாக்க முடியல."

நான் மேஜையைத் துடைப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் அட்டைக் கட்டை எடுத்து சபாபதியின் தலையணைப் பக்கம் வைத்தார். "கேன்சருக்குக் கொடுக்கிறது உண்மைதான். அங்க கொடுக்கிற அளவு வேற, உங்களுக்குக் கொடுக்கிறது அதுல துளி. கீலேஷனும் பொய் இல்ல. பேட்டரி வேலை செய்யறவங்களுக்கு ஈயம் ஏறினா அதுதான் உயிர் காக்கிற வைத்தியம். உங்களுக்கு ஏறினது ஈயம் இல்ல சார்."

நானும் என் பங்குக்கு, அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு உலோகத்தை வெளியே எடுக்கவில்லை, தங்கத்தையே உள்ளே ஏற்றினோம் என்றேன். விசாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தயாவது பண்ணிக்கக் கூடாதா மனுஷன்" என்றார்.

சபாபதி இன்னும் விட்டபாடில்லை. "எல்லாம் சரி டாக்டர். அப்போ அந்த பூந்தமல்லி அம்மா? எனக்கு முன்னாடி குந்திகினு பூப் பூவா தெச்சுகினு கீது. அதுக்கு மட்டும் எப்டி வேல செஞ்சுது?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பூந்தமல்லி ஆரி வேலைக்காரி நூர்ஜஹானை இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். பல வருடமாக எங்களிடம் வருகிறவள். என் பட்டையை அவள் பிழிந்தால் முள் துள்ளும்.

"மத்தவங்க விஷயம் நான் பேசக்கூடாது" என்றார் டாக்டர். அது சட்டம், எனக்கும் சேர்த்துத்தான். ஆனால் வராந்தா பெஞ்சில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பது முழுக்க என் அதிகாரம்.

நூர்ஜஹானுக்குப் போன் செய்தேன். உன் மருந்தைப் பற்றி ஒருவர் கேட்டால் சொல்வாயா என்று மட்டும் கேட்டேன். "கேட்டா சொல்றேன் சிஸ்டர். மறைக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? இதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான்" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேருக்கும் ஒரே நேரம் கொடுத்தேன். டாக்டர் அன்றைய பெயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெந்நீரைக் குடித்தார்.

பெஞ்சில் சபாபதி உட்கார்ந்திருந்தார், விசாலம் கூட. நூர்ஜஹான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அட, நீ பாடியில டிரிப் போட்டுக்கிற அம்மா தானே? நீ இன்னா இங்க?"

"நான் எப்பவும் இங்கதானே அண்ணே வர்றேன்."

"இங்கயா? அப்போ டிரிப்பு?"

"அது ஏசிக்கு" என்றாள் நூர்ஜஹான். "வீட்ல தகரக் கூரை அண்ணே. மத்தியானம் சட்டத்துல உக்காந்தா வேர்வை பட்டு மேல விழுந்து கறையாயிடும். அங்க மேனேஜர் வீட்டம்மாவுக்குக் கல்யாண ஜாக்கெட் தச்சுக் கொடுத்தேன். எங்க இடத்துல வந்து உக்காந்து வேலை பாரேன்னாங்க. சும்மா உக்காந்தா நல்லா இருக்காதுன்னு ஒரு பாட்டில் மாட்டி விட்டாங்க. எனக்கு அந்த மருந்தெல்லாம் வேணாம்னு முதல்லயே சொல்லிட்டேன். வெறும் சத்துத் தண்ணிதான்."

"அப்போ கைக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் கதவுப் பக்கம் நின்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பையை பெஞ்சின் மேலேயே கவிழ்த்தாள். நூல் கண்டுகள், ஒரு டப்பா ஜரிகை மணி, டிபன் பாக்ஸ், அப்புறம் மாத்திரை அட்டை. சபாபதியின் தலையணைப் பக்கம் டாக்டர் வைத்த அதே மாத்திரை. வாரா வாரம் ஒன்று பிரித்த ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

"இவ்வளவு நாளா யாருமே கைக்கு என்ன சாப்பிடறேன்னு கேக்கல அண்ணே. விரலைப் பாத்தாங்க, பாட்டிலைப் பாத்தாங்க, அவங்களே முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க."

சபாபதி அந்த அட்டையை வாங்கி ஓட்டைகள்மேல் கட்டை விரலால் தடவினார். சாய்ந்துகொண்டிருந்த இரண்டு விரலும் கூடவே நகர்ந்தன. பிறகு விசாலத்தைப் பார்த்து, "வேற பாய்லரு கேஜ் முள்ளப் பாத்துகினு என் பாய்லர ஓட்டிகினு இருந்துகீறேன் விசாலம். வெடிக்காதது ஆச்சரியம்" என்றார்.

"வெடிச்சுது. ஆட்டோல ஏத்திகினு வந்தது யாரு?" என்றார் விசாலம்.

அன்றிலிருந்து அவர் மாத்திரை சாப்பிட்டார். விசாலம் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட ஒரே நிபந்தனை. வாரங்கள் போயின. முள் முதலில் யோசித்தது, பிறகு கொஞ்சம் ஏறியது, பிறகு ஒரு நாள் சபாபதியே "அட" என்கிற அளவுக்கு ஏறியது. சாய்ந்த இரண்டு விரல் சாய்ந்ததுதான், அதை யாராலும் மீட்க முடியவில்லை. மற்ற எட்டும் தப்பின. நூர்ஜஹானை பாடியில் முன் நாற்காலியிலிருந்து மூலைக்கு மாற்றிவிட்டார்களாம். கேட்கிறவர்களிடம் எல்லாம் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். ஏசி மூலைக்கும் வருகிறது என்று சொன்னாள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு சபாபதி கடைசியாக என்னிடம் பட்டையைப் பிழிய வந்தார். அவரும் விசாலமும் முன்பு வருவதைவிட நேரமாகித்தான் வந்தார்கள். பையைக் கவிழ்த்தார்: மாத்திரை அட்டை, தைலம், நடுவில் ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர். டாக்டர் அதையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். "கெடுதல் இல்ல. வச்சுக்கோங்க" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அதே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஆனால் பித்தான் ஒரு ஓட்டை மாறிப் போயிருந்தது. ஒரு பக்கம் கழுத்து காது வரைக்கும் ஏறியிருந்தது, கீழே ஒரு முனை வால் மாதிரி தொங்கியது. சங்கச் செயலாளர், ஸ்டேஷன் ரோடு முழுக்க இப்படியே நடந்து வந்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. சரி செய்யலாம் என்று கையை நீட்டினேன்.

விசாலம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உடு சிஸ்டர்" என்றார் மெதுவாக. "அவரே போட்டது."